எந்தக் காகிதம் முதலில்?

வீட்டில் ஒருவர் இறந்த பிறகு முடிக்க வேண்டிய அலுவலக வேலைகளைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "ஒண்ணொண்ணா பண்ணுங்க, எல்லாம் தானா முடிஞ்சிடும்" என்பார்கள். அப்பாவின் காகிதங்கள் அத்தனையையும் தனியாளாக முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், எதுவும் தானாக முடிவதில்லை. ஒவ்வொன்றாகச் செய்யுங்கள் என்பதும் பாதி உண்மைதான். எந்த ஒன்றை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் வைப்பது என்று சொல்லாத அறிவுரை, துக்கம் விசாரிக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போகும் ஆறுதலோடுதான் சேரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இரண்டு வங்கிக் கணக்கு, ஓர் அஞ்சலகச் சேமிப்பு, எல்.ஐ.சி., பி.எஃப்., ஓய்வூதியம், வீட்டுப் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, கேஸ், ரேஷன் கார்டு, ஸ்கூட்டர், வருமான வரி. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இவைதான் இருக்கும். இவற்றைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிப்பதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை; அரசாங்கமே அலுவலகம் அலுவலகமாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. பிரித்த பின்னும் மலைப்பு குறையாமல் இருப்பது ஏன் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

எல்லா வேலையும் ஒரே அவசரத்தோடு ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்பதால்தான் மலைப்பு வருகிறது என்பது என் முடிவு. வேலையின் அளவு அதற்கு அடுத்த காரணம்தான். கார்ல் வெய்க் என்ற அமெரிக்க அறிஞர் 1984-இல் சிறு வெற்றிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பிரச்சினையை மிகப் பெரிதாக வரையறுத்துக்கொண்டால் பதற்றம் கூடி யோசிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது, கைக்கு அடங்கும் அளவில் வரையறுத்தால் ஒன்றை முடித்த தெம்பு அடுத்ததற்கு வழி திறக்கிறது என்பது அவர் வாதம். அதே கட்டுரையில், இந்தச் சிறு வெற்றிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒழுங்கு வரிசையில் வர வேண்டியதில்லை என்றும் சொன்னார். அவர் சமூகப் பிரச்சினைகளை மனத்தில் வைத்து எழுதியவர். அங்கே அது பொருந்தலாம். தாலுகா அலுவலகத்தில் வரிசைதான் எல்லாமே. வெய்க்கின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு "சின்னதா எதையாவது ஆரம்பிங்க" என்று ஊக்கம் தருபவர்கள், ஒரே கவுன்ட்டருக்குத் திரும்பத் திரும்ப நடந்து பார்க்காதவர்கள்.

அவசரம் என்று தோன்றுவதில் எது உண்மையான அவசரம் என்று பார்த்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்கு மேல் அதிகாரியின் அனுமதி, ஓராண்டைத் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு என்று படி ஏறிக்கொண்டே போகும். வண்டி அவர் பெயரில் இருந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம். இவ்வளவுதான் நிஜமான கெடு. காப்பீட்டையும் வருமான வரியையும் தவிர மீதியெல்லாம் காத்திருக்கும். வங்கியில் போட்ட பணம் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். பத்து ஆண்டு யாரும் கேட்காமல் கிடந்தால்கூட அது ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றப்படுமே தவிர போய்விடாது; வாரிசு பிறகு வந்து கேட்டாலும் முதலும் வட்டியும் விதிப்படி கிடைக்கும். பட்டா மாறுதலுக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இல்லை. கேஸ் இணைப்பு இறந்தவர் பெயரில் இன்னும் இரண்டு மாதம் இருந்தால் அடுப்பு அணைந்துவிடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல், பதினாறாம் நாள் காரியத்துக்குள் எல்லாவற்றையும் தொட்டுவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள்தான் முதல் மாதத்திலேயே களைத்து, அடுத்த ஆறு மாதம் அந்தப் பையைத் திறக்கவே அஞ்சுகிறார்கள்.

இங்கே எப்போதும் வரும் மறுப்பு ஒன்று உண்டு. சுலபமானதை முதலில் முடித்தால் தெம்பு வரும் அல்லவா, கேஸ் இணைப்பிலோ மின் இணைப்பிலோ ஆரம்பித்தால் என்ன என்பது அது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுலபமான வேலைகளும் கேட்பது அதே இறப்புச் சான்றிதழைத்தான், பல இடங்களில் வாரிசுச் சான்றிதழையும் சேர்த்து. இரண்டும் கையில் இல்லாமல் போனால் சுலபமான வேலை இரண்டு அலைச்சலாகிறது. தெம்பு வருவதற்குப் பதில், இதைக்கூட நம்மால் முடிக்க முடியவில்லையே என்ற சலிப்பு வருகிறது. இந்த விஷயத்தில் முதல் அடியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இதை முடித்தால் வேறு எத்தனை வேலைக்கு வழி திறக்கும்? அந்தக் கேள்விக்கு இறப்புச் சான்றிதழுக்கு நிகரான பதில் வேறு எதிலும் வராது. அதற்கு அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றவை எல்லாம் வெறும் படிவம் நிரப்பும் வேலை. இவை தப்பாக இருந்தால் மற்ற எதுவும் நகராது.

தப்பு என்றால் எந்தத் தப்பு? இந்த முழு விவகாரத்திலும் ஒரு குடும்பத்துக்கு அதிகம் செலவு வைப்பது பெயர். நான் இதில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக் குறிப்புகளில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். சுப்பிரமணியன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் அவர் தலைப்பெழுத்து இல்லாத வெறும் சுப்பிரமணியன். பான் அட்டையில் தலைப்பெழுத்தை விரித்தெழுதியதால் கந்தசாமி சுப்பிரமணியன். வங்கிப் பாஸ்புக்கில் தலைப்பெழுத்து பின்னால் போய், ஆங்கிலத்தில் 'ன்' என்று முடிய வேண்டியது 'ம்' என்று முடிந்திருக்கும். எல்.ஐ.சி. பத்திரத்தில் முப்பது வருஷத்துக்கு முன் ஏஜென்ட் எழுதிய எழுத்துக்கூட்டல். கிரயப் பத்திரத்தில் "கந்தசாமி மகன் மணி என்கிற சுப்பிரமணியன்". பட்டாவில் 'ப்' ஒன்று குறைவு. உயிரோடு இருக்கும்வரை இவை எதுவும் இடிக்கவில்லை, ஏனென்றால் ஆளே நேரில் போய்க் கையெழுத்துப் போட்டார். ஆள் போன பிறகு இந்த ஆறு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தைக் கணினிப் படிவங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை இது.

இந்த ஆறில் எந்தப் பெயர் இறப்புச் சான்றிதழில் ஏறுகிறது என்பது பெரும்பாலும் யாரும் யோசிக்காத ஒரு நேரத்தில் முடிவாகிவிடுகிறது. மருத்துவமனையில் இறந்தால் அந்த மருத்துவமனைதான் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டும். அவர்கள் நீட்டும் படிவத்தை நடு இரவில், வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருக்கும்போது, ஆம்புலன்ஸ் பேசப் போன யாரோ ஒரு உறவுக்காரப் பையன் நிரப்புகிறான். அவனுக்குத் தெரிந்தது 'மணி மாமா'. வீட்டில் இறந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகரத்தில் உள்ளாட்சி அலுவலகத்தில், அன்று யாருக்கு ஓய்வோ அவர் போய்ச் சொல்கிறார். அப்படிச் சொன்ன பெயர் சான்றிதழில் ஏறி, அதைப் பார்த்து வாரிசுச் சான்றிதழ் வந்து, அதைப் பார்த்து வங்கி கோரிக்கைப் படிவம் நிரப்பும்போதுதான் கவுன்ட்டரில் இருப்பவர் தலையை ஆட்டுகிறார். கோலத்தில் முதல் வரிசைப் புள்ளி தள்ளிப்போன கதை. திருத்தம் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது; அதே 1969 சட்டத்தின் 15-ஆம் பிரிவு பதிவாளருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. எழுத்துப்பிழை என்றால் சுலபம். பெயரே வேறு மாதிரி என்றால் ஆவணங்களும், விஷயம் அறிந்த இருவரின் உறுதிமொழியும் கேட்பார்கள். அதன் பிறகு வாரிசுச் சான்றிதழையும் மாற்ற வேண்டும். அதற்குள் நோட்டரி முன் "இருவரும் ஒருவரே" என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொடுங்கள் என்று ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாகக் கேட்கும். ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது.

ஆகவே முதல் சிறு அடி இதுதான், இதற்கு முன் எதுவும் வேண்டாம்: இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தை யாரும் நிரப்புவதற்கு முன் ஆதார், பான், பாஸ்புக், கிரயப் பத்திரம் நான்கையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆதாரில் இருக்கும் எழுத்துக்கூட்டலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதுங்கள். இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், மனைவி அல்லது கணவர் பெயர், நிரந்தர முகவரி ஆகியவற்றையும் அப்படியே. அந்தத் தாளைப் படம் எடுத்து, யார் படிவம் நிரப்பப் போகிறாரோ அவர் கைப்பேசிக்கு அனுப்புங்கள். சான்றிதழ் வந்ததும் பிரதி எடுப்பதற்கு முன்னால் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கால் மணி நேர வேலை. துக்க வீட்டில் காகிதத்தைப் பரப்பி வைப்பதா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் அதே வீட்டில் அதே நாளில் கணக்குப் பார்ப்பதைத் தப்பாக நினைக்காதவர்கள்தான் அவர்களும். பதினாறு நாளுக்குள் வேறு எந்தக் காகிதத்தையும் தொட வேண்டாம் என்று நானே சொல்வேன். இதை மட்டும் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சின்ன வேலை, அவர் கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருப்பது. எண்ணைத் துண்டித்துவிடுங்கள், பார்த்தால் அம்மாவுக்கு அழுகை வருகிறது என்று யாராவது சொல்வார்கள். போனை அலமாரியில் வையுங்கள், ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகள்தான் அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பாலிசிக்கும் வைப்புத்தொகைக்கும் சாட்சி: பிரீமியம் நினைவூட்டல், வட்டி வரவு, ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழு அழைப்பு. ஆனால் அந்தப் போனையும் ஏ.டி.எம். கார்டையும் வைத்துப் பணம் எடுக்காதீர்கள். இறந்த தேதிக்குப் பின் எடுத்த ஒவ்வொரு ரூபாயும் பின்னால் பங்காளி ஒருவர் வாயில் 'திருட்டு' என்று மாறும், வங்கியும் கணக்குக் கேட்கும். அதற்குப் பதில் பாஸ்புக்கைப் பதிய வைத்து வரி வரியாகப் படியுங்கள். மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். பக்கத்தில் 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது 70 வயது வரையிலான விபத்துக் காப்பீடு, அதுவும் 2 லட்சம். வங்கி தானாக முன்வந்து இதைச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்பதைச் சீக்கிரம் கேட்டுவிடுங்கள். காப்பீட்டில் மட்டும் தாமதம் நல்லதல்ல.

வழக்கமான படிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றில் கஷ்டம் எதுவும் இல்லை, காத்திருப்புதான். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின் தாசில்தார் தருவார். கல்யாணமாகிப் போன பெண்கள் பெயரை விட்டுவிடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி இறந்தவர் ஆண் என்றால் அவருடைய அம்மாவும் மனைவி, மக்களோடு சம வாரிசு என்பது பலருக்குத் தெரியாது. பாட்டி உயிரோடு இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும், தாத்தா பெயர் அந்த வரிசையில் வராது. (மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு.) பி.எஃப்.க்கு இறப்பு நேர்வுக்கென்று கூட்டுப் படிவம் ஒன்று உண்டு. பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் வரை வரும், அந்தப் பகுதியை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். வங்கியில் நாமினி இருந்தால் வாரிசுச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது, முழு ஆவணமும் தந்த 15 நாளில் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. நாமினி இல்லாத கணக்குகளுக்கும் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை எளிய நடைமுறை என்று வைத்திருக்கிறது. மேலாளர் வேறு மாதிரி பேசினால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பேச்சு மாறும். சொத்து வரி, மின் இணைப்பு, கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே செட் ஜெராக்ஸில் முடிகிற வேலைகள்.

நாமினி விஷயத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நாமினி என்றால் பணம் அவருக்கே என்று நினைத்துக்கொண்டுதான் பல வீட்டில் சண்டை ஆரம்பிக்கிறது. 1983-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுள் காப்பீட்டு நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான், உரிமை வாரிசுகளுக்கே என்றது. பங்குகள் விஷயத்திலும் 2023 டிசம்பரில் அதே நிலைதான் எடுத்தது. காப்பீட்டில் மட்டும் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவர்களுக்கே சேரும் என்று ஆனது. வங்கிப் பணத்திலும் நாமினி வாங்கும் கைதான். இது தெரிந்தால் அம்மா பெயரில் நாமினி இருக்கும் வங்கிப் பணத்தை அம்மா வாங்குவதற்கு எல்லோர் கையெழுத்தும் வேண்டும் என்று யாரும் மறித்து நிற்க மாட்டார்கள், வாங்கிய பிறகு அது அம்மாவின் பணம் மட்டுமே என்று யாரும் கணக்கை மூடவும் மாட்டார்கள். வாங்குவது ஒரு வேலை, பிரிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே அறையில் பேசுவதால்தான் சின்ன வேலை பெரிய விவகாரமாகிறது.

முதலில் எது என்பதைச் சொன்னேன். கடைசியில் எது என்பது அதைவிட முக்கியம், இதில் என்னைக் குறை சொன்னவர்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம்தான் கடைசி. இறந்தவர் பெயரில் இருக்கும் வீட்டுக்கோ நிலத்துக்கோ எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கிக்கொண்டு அங்கேயே நிறுத்தலாம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை, யாருடைய பங்கும் போகவில்லை. ஆனால் நம் ஊரில் நடப்பது வேறு. காரியம் முடிந்த கையோடு, எல்லோரும் ஊரில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம், திரும்பத் திரும்ப வருவது கஷ்டம் என்ற நியாயமான வார்த்தையோடு பெண்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஒரு பட்டுப்புடவையும் பொங்கல் சீரும் அதற்கு ஈடு. விட்டுக்கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை; அது அவரவர் மனசு. ஆனால் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-லிருந்து இருக்கிறது, பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989-லிருந்தும் நாடு முழுக்க 2005-லிருந்தும் இருக்கிறது. இந்த உரிமையை, தான் எதைக் கொடுக்கிறோம் என்று படித்துப் பார்க்கத் தெம்பில்லாத மாதத்தில் கொடுக்கச் சொல்வதுதான் தப்பு. பதிவான பத்திரத்தைத் திரும்பப் பெறுவது பெயர்ப் பிழையைத் திருத்துவது போல அல்ல, நீதிமன்றம் ஏறினாலும் உத்தரவாதம் கிடையாது. திருத்தக்கூடிய வேலைகளை முதலில் செய், திருத்த முடியாததை மனசு நிதானத்துக்கு வந்த பிறகு செய் என்ற ஒரே அளவுகோலில்தான் அதைத் தள்ளி வைத்தேன். அதற்குப் பேராசை என்று பெயர் வைத்தவர்கள் ஆறு மாதம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று இதுவரை சொல்லவில்லை.

இதெல்லாம் எதற்கு, ஒரு ஆளைப் பிடித்தால் ஒரே மூச்சில் முடித்துக்கொடுப்பாரே என்பது அடுத்த மறுப்பு. தாலுகா அலுவலக வாசலில் அப்படிப்பட்டவர்கள் உண்டு, சிலர் நாணயமானவர்களும்கூட. ஆனால் அவருக்கு உங்கள் பீரோவில் எந்தப் பாஸ்புக் இருக்கிறது என்று தெரியாது, உங்கள் அப்பாவின் எந்தப் பெயர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று தெரியாது. அவர் முடிப்பது நகர்கிற பகுதியை மட்டும்தான். சிக்குகிற பகுதி உங்களிடமே திரும்பி வரும், சில சமயம் அசல் ஆவணம் இல்லாமல். அசலை யாரிடமும் விடாதீர்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறு இல்லை.

இன்னொரு மறுப்பு உண்மையிலேயே கனமானது. சகோதரர்களுக்குள் பேச்சே இல்லாத வீட்டில், இரண்டாவது மனைவி இருக்கும் வீட்டில், உயில் ஒன்று திடீரென்று முளைத்த வீட்டில் சிறு அடி எங்கே இருக்கிறது? அங்கே வாரிசுச் சான்றிதழே தகராறாகிவிடும், தாசில்தார் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார், வங்கியும் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கும். சிறு அடிகளால் பகை தீராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வீட்டிலும் தகராறில்லாத காகிதங்கள் நாலைந்து இருக்கும்: இறப்புப் பதிவு, அம்மாவின் குடும்ப ஓய்வூதியம், நாமினி உள்ள சிறு கணக்கு, மின் கட்டணம். வீட்டுப் பிரச்சினை தீரட்டும் என்று இவற்றையும் சேர்த்து நிறுத்தி வைப்பதால் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒருவர், பெரும்பாலும் அம்மா, மாதாமாதம் கையேந்துகிறார். குடும்ப ஓய்வூதியத்தை வீட்டுச் சண்டையிலிருந்து பிரித்து எடுத்தால் போதும், மலைப்பின் பாதி அங்கேயே தீரும்.

வரிசை பார்த்து ஒவ்வொன்றாகப் போனால் வருஷக்கணக்கில் இழுக்காதா என்று கேட்பவர்களுக்கு: இழுப்பது அலுவலகம், நீங்கள் அல்ல. உங்கள் பக்கத்து வேலை ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. தாலுகா அலுவலகம் யோசித்துக்கொண்டிருக்கும் வாரங்களில் பாலிசிப் பத்திரத்தைத் தேடலாம், வருமான வரி இணையதளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிந்துகொண்டு அந்த ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்யலாம். நடக்காத வேலைகளுக்குப் பக்கத்தில் ஒரு தேதி எழுதி வைப்பது என் பழக்கம். "பட்டா, தைக்குப் பிறகு" என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டால் அது அதற்கு முன் ராத்திரியில் வந்து எழுப்புவதில்லை. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது: முடியாத வேலை மனத்தைக் குடைவதை நிறுத்த அதை முடிக்க வேண்டும் என்பதில்லை, எப்போது எப்படி என்று திட்டம் எழுதினாலே குடைச்சல் குறைகிறது. ஆய்வு இல்லாமலும் இது தெரியும். அந்த நோட்டைச் சோம்பேறித்தனம் என்று சொன்னவர்களுக்குக் காட்ட ஒரு ஆய்வு இருப்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

உங்களுக்கும் வெளியூரில் ஓர் அண்ணனோ தம்பியோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் மற்ற எல்லாக் காகிதத்தையும்விடப் பாரம், ஏனென்றால் அதில் கேட்பவருக்கு ஒரு வேலையும் இல்லை, பதில் சொல்பவருக்கு ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. கோபப்படாதீர்கள், அவருக்கும் ஒரு சிறு அடியைக் கொடுங்கள். உரிமை கோரப்படாத வைப்புத்தொகைகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. இறந்தவர் பெயரையும் பான் எண்ணையும் வங்கிகளையும் கொடுத்துத் தேடலாம். மேலே சொன்ன ஆறு விதப் பெயரையும் எழுதி அனுப்பி, ஒவ்வொரு எழுத்துக்கூட்டலிலும் ஒவ்வொரு வங்கியாகத் தேடிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த ஊரில் இருந்தும் செய்யலாம், லீவு போட வேண்டியதில்லை. செய்தால் ஒரு வேலை குறைந்தது. செய்யாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வராது, அதுவும் ஒரு வேலை குறைந்ததுதான்.